எந்த வருடத்து மொடலை வாங்குவது?

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ஜுமுஆவுக்காகக் கடையைப் பூட்டிக்கொண்டிருந்த நேரத்தில் எனது தங்கையின் மகன் வந்து நின்றான். ஒன்பது வருடம் கட்டாரில் உழைத்துவிட்டு ஊர் திரும்பியிருப்பவன். வவுனியாவில் ஒரு ஹார்ட்வெயார் கடை போடுவதற்கு இடம் தேடித் திரிகிறான். கையிலிருந்த போனை என்னிடம் நீட்டினான். இரண்டு கார்களின் படம். இரண்டுமே மஸ்தா ஆர்.எக்ஸ்.8 என்ற ஸ்போர்ட்ஸ் கார். சிவப்பு நிறத்தது 2004 மொடல். சாம்பல் நிறத்தது 2009 மொடல் என்று விற்பவர் சொன்னாராம்.

"எந்த வருஷத்தை எடுக்கிறது மாமா?"

"ரெண்டையும் விட்டிட்டுக் கடையைப் போடு" என்றேன். சிரித்தான். ஒன்பது வருடமாக டோஹா வீதிகளில் அந்தக் காரைக் கண்டு கண்டு ஆசைப்பட்டவன். அந்த வெயிலில் நின்று உழைத்தவனுக்கு ஒரு ஆசை இருக்கக் கூடாது என்று சொல்ல நான் யார்? ஆனால் இரண்டு கார்களுக்கும் இடையிலிருந்த விலை வித்தியாசம் சின்னதல்ல. அவனுடைய கடைக்கு ஒரு வருட வாடகை முற்பணமே கட்டிவிடலாம். ஆகவே அவனது கேள்வியைக் கேலியாக எடுக்காமல் உட்கார்ந்து யோசித்தேன்.

இதே கேள்வி எனது கடைக்கு வாரத்துக்கு ஒரு தடவையாவது வருகிறது. நான் வாகன உதிரிப்பாக வியாபாரி. இருபது வருடங்களுக்கு மேலாக இந்த ஊரில் பிரேக் லைனரும் பெல்ட்டும் பெயரிங்கும் விற்கிறேன். நம்மவர்கள் கேட்பது ஸ்போர்ட்ஸ் கார் பற்றியல்ல. ஹயஸ் வேன், எல்ஃப் லொறி, டிமோ பட்டா, வெஸல், வெகன் ஆர். ஆனால் கேள்வி ஒன்றுதான். ஒரே வாகனம், இரண்டு வருடம், இரண்டு விலை. கூடுதலாகச் சல்லி கொடுத்துப் புதியதை எடுப்பதா, குறைந்த விலைக்குப் பழையதை எடுப்பதா? ஸ்போர்ட்ஸ் காரில் இந்தக் கேள்வி கொஞ்சம் கூர்மையாக வருகிறது, அவ்வளவுதான்.

மூன்று வருடங்கள்

முதலில் ஒரு விடயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். நமது பஜாரில் 'மொடல்' என்ற ஒரு சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு வருடங்களைப் போட்டுக் குழப்புகிறார்கள். வாகனம் தொழிற்சாலையில் செய்யப்பட்ட வருடம் ஒன்று. இலங்கையில் முதன்முதலாகப் பதியப்பட்ட வருடம் இன்னொன்று. மூன்றாவது, கம்பனி அந்த வாகனத்தில் ஒரு மாற்றத்தைச் செய்து புதிய வடிவமாக வெளியிட்ட வருடம். விற்பவர் எப்போதும் இந்த மூன்றில் பெரிய இலக்கத்தைத்தான் சொல்வார். வாங்குபவர் கேட்க வேண்டியது முதலாவதும் மூன்றாவதும். நடுவிலுள்ள பதிவு வருடம் வாகனத்தின் இரும்பைப் பற்றி எதையும் சொல்லாது.

நானே இதில் சறுக்கியிருக்கிறேன். 2011 இல் கடைக்குச் சாமான் ஏற்றுவதற்கு ஒரு ஹயஸ் வேன் வாங்கினேன். 2006 மொடல் என்றார் விற்றவர். புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன், 2006 என்றுதான் கண்ணில் பட்டது. விலையையும் 2006 க்கு உரியதாகவே கொடுத்தேன். இரண்டு வருடம் கழித்து நோன்பு காலத்துக்கு முன்னர் கொஞ்சம் பெரிய அளவில் சரக்கு எடுக்க நினைத்து, வேனை வைத்து முதல் புரட்டலாம் என்று ஒரு நிதி நிறுவனத்துக்குப் போனேன். அங்கே மேசையில் இருந்த பிள்ளை புத்தகத்தைப் பார்த்துவிட்டு, "இது 2003 தானே சேர்" என்றாள். நான் பார்த்தது முதற்பதிவுத் திகதியை. உற்பத்தி வருடம் அதே புத்தகத்தில் வேறொரு கட்டத்தில் ஒளிவு மறைவில்லாமல் அச்சிடப்பட்டிருந்தது. நான்தான் பார்க்கவில்லை. நிதி நிறுவனங்கள் உற்பத்தி வருடத்தை வைத்துத்தான் எவ்வளவு கொடுப்பது, எத்தனை மாதத்துக்குக் கொடுப்பது என்று கணக்குப் பார்க்கின்றன. நான் எதிர்பார்த்ததில் பாதியளவுதான் கிடைத்தது. சரக்கைப் பாதியாகக் குறைத்தேன். அந்த வருடப் பெருநாள் வியாபாரம் கைநழுவிப் போனது.

பின்னர் அந்த வேனை விற்கும்போது வந்தவரும் "2006 தானே நானா?" என்றுதான் கேட்டார். பதிவு 2006, செய்தது 2003 என்றேன். உடனே விலையை இறக்கினார். பொருளின் குறையைச் சொல்லித்தான் விற்க வேண்டும் என்று நம் எல்லோருக்கும் சிறுவயதிலேயே சொல்லித் தந்திருக்கிறார்கள். சொல்லும்போது நாக்கு கொஞ்சம் கனக்கத்தான் செய்தது என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

சரி, புத்தகத்தையே நம்ப முடியாத இடத்தில் என்ன செய்வது? இந்திய வாகனம் என்றால் செஸி இலக்கத்துக்குள்ளேயே உற்பத்தி மாதமும் வருடமும் எழுத்துக் குறியாக இருக்கும். பெரும்பாலும் பத்தாவது எழுத்து வருடத்தைக் குறிக்கும். 2010 க்கு ஏ, 2011 க்கு பீ என்று அது நகரும். ஜப்பானில் உள்நாட்டுப் பாவனைக்காகச் செய்யப்பட்டு நமக்கு ரீகண்டிஷனாக வரும் வாகனங்களில் இந்த வசதி இல்லை. அவற்றின் செஸி இலக்கம் மொடல் குறியீடும் தொடர் இலக்கமும் மட்டுமே. வருடம் அதில் எழுதப்படுவதில்லை. அந்தத் தொடர் இலக்கம் எந்த மாதம் வெளியானது என்பதைக் கம்பனியின் பதிவைக் கொண்டுதான் அறிய வேண்டும். கையோடு பார்க்கக்கூடிய ஒரு வழியும் இருக்கிறது. முன் ஆசனத்து சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். அடியில் தைத்திருக்கும் துண்டுச் சீட்டில் அந்தப் பெல்ட் செய்யப்பட்ட வருடம் பெரும்பாலும் அச்சிடப்பட்டிருக்கும். வாகனத்தின் வருடமும் அதை ஒட்டியே இருக்கும். ஒரு பெல்ட்டின் வருடம் மட்டும் மற்றவற்றோடு ஒத்துவராவிட்டால் அந்தப் பக்கம் ஒரு விபத்து நடந்திருக்கக் கூடும் என்று சந்தேகிக்கலாம். கண்ணாடி மூலையிலுள்ள சிறிய இலக்கமும் புள்ளிகளும் இதே கதையைச் சொல்லும். டயரில் நான்கு இலக்கங்கள் இருக்கும். முதல் இரண்டும் கிழமை, அடுத்த இரண்டும் வருடம். டயர் மாற்றப்படும் பொருள் என்பதால் அது வாகனத்தின் வயதைச் சொல்லாது. ஆனால் பத்தாயிரம் கிலோமீற்றர்தான் ஓடியது என்று சொல்லப்படும் காரில் நான்கு டயரும் மாற்றப்பட்டிருந்தால் மீற்றரைப் பற்றி யோசிக்க வேண்டிவரும்.

இலக்கத் தகடும் ஓரளவு உதவும். கார்களுக்கு 2000 ஆம் ஆண்டுக்குப் பின்னர் கே.ஏ. என்று ஆரம்பித்த வரிசை கே.வை. வரை போய் முடிந்த பிறகுதான் மூன்றெழுத்து சீ.ஏ.ஏ. வரிசை வந்தது. ஆனால் தகடு சொல்வதும் பதிவு வருடத்தைத்தான். எனது வேனின் தகடும் உண்மையைத்தான் சொன்னது.

கோடு எங்கே விழுகிறது?

இனி மருமகனின் காருக்கு வருவோம். இந்த ஆர்.எக்ஸ்.8 சாதாரண எஞ்சின் உள்ள கார் அல்ல. சாதாரண எஞ்சினில் பிஸ்டன் மேலும் கீழும் ஓடும். இதில் முக்கோண வடிவமான ரோட்டர் ஒரு கூட்டுக்குள் சுழலும். ஜேர்மன் நாட்டவரான பீலிக்ஸ் வாங்கெல் கண்டுபிடித்த முறை இது. பல கம்பனிகள் முயன்று கைவிட, ஹிரோஷிமாவிலுள்ள மஸ்தா மட்டும் 1967 இல் கொஸ்மோ ஸ்போர்ட் காரில் ஆரம்பித்து விடாப்பிடியாகச் செய்துவந்தது. 1991 இல் பிரான்சின் லு மான் 24 மணி நேர ஓட்டத்தில் ரோட்டரி எஞ்சின் பூட்டிய மஸ்தா 787பீ கார் முதலிடம் பெற்றது. ஆர்.எக்ஸ்.8 2003 முதல் 2012 வரை தயாரிக்கப்பட்டது. இரண்டு ரோட்டர், ஒவ்வொன்றும் 654 சீசீ, மொத்தம் 1308 சீசீ. வெகன் ஆரை விடக் கொஞ்சம் பெரிய எஞ்சின் என்று இலக்கத்தைப் பார்த்து நினைப்பவர்கள் பெற்றோல் செட்டில்தான் விழித்துக்கொள்வார்கள்.

அந்த முக்கோணத்தின் மூன்று முனைகளிலும் மெல்லிய உலோகச் சீல்கள் உண்டு. அவை கூட்டின் சுவரை உரசிக்கொண்டே ஓடுகின்றன. உரசும் இடத்துக்கு எண்ணெய் வேண்டும். ஆகவே எஞ்சின் ஒயிலை ஒரு சிறிய பம்ப் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட்டு எரிக்கிறது. ஒயில் குறைவது இந்தக் காரில் பழுது அல்ல, அதன் இயல்பே அதுதான். ஒயில் குறையவில்லையென்றால்தான் பயப்பட வேண்டும். பெற்றோல் அடிக்கும்போதெல்லாம் ஒயில் குச்சியை இழுத்துப் பார்க்காத ஒருவர் வைத்திருந்த கார் என்றால் அந்தச் சீல்கள் தேய்ந்து, அமுக்கம் குறைந்து, சூடான எஞ்சின் ஸ்டார்ட் எடுக்க மறுக்கும்.

ஆரம்ப மொடல்களில் இந்தக் குறை அதிகம் பேசப்பட்டது. அமெரிக்காவில் மஸ்தா கம்பனி 2004 முதல் 2008 வரையான மொடல்களுக்கு எஞ்சின் உத்தரவாதத்தை 8 வருடம் அல்லது 100,000 மைல் என்று நீட்டிக் கொடுத்தது. 2008 இல் ஜப்பானில் மாற்றப்பட்ட வடிவம் வெளியானபோது ஒயில் பம்பை மின்சாரத்தால் இயங்குவதாக மாற்றி, ஒயில் விடும் வாய்களையும் கூட்டினார்கள். கம்பனி இப்படித் தன் கையாலேயே ஒரு கோடு போட்டுக் காட்டியிருக்கிறது. 2004 க்கும் 2007 க்கும் இடையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் 2007 க்கும் 2009 க்கும் இடையில் உண்டு. மூன்று வருடம் சும்மா போகும். ஒரு வருடத்தில் எல்லாம் மாறும். வருடத்துக்கு இவ்வளவு என்று சமமாக விலை ஏற்றிச் சொல்லும் புரோக்கருக்கு இந்தக் கோடு தெரியாது, அல்லது தெரிந்தும் சொல்ல மாட்டார்.

நமது மற்ற வாகனங்களிலும் இப்படிக் கோடுகள் உண்டு. ஹொண்டா வெஸல் 2013 டிசம்பரில் ஜப்பானில் வெளிவந்தது. அதன் ஹைபிரிட் கியர் பெட்டி, அதே முறையில் அமைந்த ஃபிட் ஹைபிரிட் காரோடு சேர்ந்து 2014 இல் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை திருத்தத்துக்காகத் திரும்ப அழைக்கப்பட்டது. ஃபிட் ஒரு வருடத்தில் ஐந்து தடவை அழைக்கப்பட்ட பின்னர், 2014 ஒக்டோபரில் ஹொண்டாவின் தலைவர் தன் சம்பளத்தில் ஒரு பகுதியை மூன்று மாதங்களுக்கு விட்டுக்கொடுத்தார். புதிய மொடலின் முதல் வருடத்தை வாங்குபவர் கம்பனியின் பரிசோதனைச் செலவைச் சுமப்பவர் என்று நான் சொல்வது இதனால்தான். 2014 வெஸல் எல்லாமே கெட்டது என்று அர்த்தமில்லை. அந்தத் திருத்தங்கள் ஜப்பானிலேயே செய்யப்பட்டனவா என்று செஸி இலக்கத்தைக் கொடுத்துக் கம்பனியின் பதிவில் பார்க்க முடியும். பார்த்துவிட்டு வாங்குங்கள். வெகன் ஆரிலும் 2014 ஓகஸ்டில் எஸ்.எனசார்ஜ் முறை வந்தது, 2017 பெப்ரவரியில் முழு வடிவமும் மாறியது. 2016 இனதும் 2017 இனதும் விலை ஏன் அவ்வளவு தள்ளி நிற்கிறது என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

அக்குவா, பிரியஸ் வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. இவற்றில் வருடத்தை விடவும் பெற்றரியின் நிலைதான் பெரிது. பெற்றரியைக் குளிரவைக்கும் காற்று, பின் ஆசனத்துக்குப் பக்கத்திலுள்ள ஒரு வாயால் இழுக்கப்படுகிறது. நமது செம்மண் தூசியும் சாமான் மூட்டைகளும் அந்த வாயை அடைத்துவிட்டால் பெற்றரி சூடாகியே சாகும். மாங்குளத்துக்குக் கிழக்கே ஓடிய 2015 ஐ விட, கொழும்பில் ஓடிய 2012 நல்ல நிலையில் இருந்ததை நான் கண்டிருக்கிறேன்.

பழையதுதான் விலை கூடிய காலம்

எங்கள் வன்னியில் இந்தக் கணக்கு முழுவதும் தலைகீழாக நின்ற ஒரு காலம் இருந்தது. இளைய வாசகர்கள் நம்ப மாட்டார்கள். 1990 க்குப் பின்னர் பெற்றோல் உள்ளே வராமல் போனபோது, புதிய ஜப்பான் கார்கள் கொட்டிலுக்குள் முடங்கின. ஓடியவை மொரிஸ் மைனரும் ஒஸ்டின் கேம்பிரிட்ஜும். காரணம், அந்தப் பழைய எஞ்சின்களின் அமுக்க விகிதம் குறைவு. ஆகவே மண்ணெண்ணெயைக் கொடுத்தாலும் இடித்துக்கொண்டாவது எரித்துவிடும். காபரேட்டருக்குள் சில துளி பெற்றோலை விட்டு ஸ்டார்ட் எடுத்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். கிளிநொச்சியில் அந்தக் காலத்தில் கராஜ் நடத்திய அண்ணை ஒருவர் இப்போதும் சாமான் வாங்க என் கடைக்கு வருவார். "அப்ப அறுபதாம் ஆண்டுக் கார்தான் நானா புது மொடல்" என்று சொல்லிச் சிரிப்பார். மருமகன் காட்டிய காரின் அமுக்க விகிதம் 10 க்கு 1. உயர் ஒக்டேன் பெற்றோல் கேட்கும் எஞ்சின். அதற்கு மண்ணெண்ணெயை மணக்கக் கொடுத்தாலும் எஞ்சின் போய்விடும்.

எனது வாப்பாவிடமும் ஒரு ஒஸ்டின் கேம்பிரிட்ஜ் இருந்தது. 1990 ஒக்டோபரில் நாங்கள் முல்லைத்தீவை விட்டு வெளியேற நேர்ந்தபோது அது தண்ணீரூற்று வீட்டு முற்றத்திலேயே நின்றது. எனக்கு அப்போது இருபது வயது. திறப்பை மட்டும் வாப்பா சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். புத்தளத்தில் மௌத்தாகும் வரை அந்தத் திறப்பு அவரது பெட்டியில் இருந்தது. அந்தக் கார் பின்னர் யாருடைய கையில் மண்ணெண்ணெயில் ஓடியதோ தெரியாது. ஓடியிருந்தால் நல்லதுதான்.

2002 இல் ஏ9 வீதி திறந்தபோது வேன்களும் மோட்டார் சைக்கிள்களும் வெள்ளமாக வந்தன. 2006 ஓகஸ்டில் மறுபடி மூடப்பட்டது. யுத்தம் முடிந்து வீதி மீண்டும் திறந்த பிறகு வந்தவைதான் இன்று நாம் வாங்கி விற்கும் வாகனங்களில் பெரும்பான்மை. அந்த இடைவெளிக் காலங்களில் வன்னிக்குள் நின்ற வாகனங்களின் எஞ்சின் இலக்கமும் செஸி இலக்கமும் புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா என்று இன்றைக்கும் இரண்டு தடவை பார்ப்பது நல்லது. உரிமையாளர் எங்கே என்று தெரியாத, கையெழுத்து மட்டும் வைத்த திறந்த பத்திரத்தில் கை மாறிக்கொண்டே வரும் வாகனத்தை, அது எந்த வருடத்து மொடலாக இருந்தாலும், தொட வேண்டாம். புத்தகத்தில் முழு உரிமையாளர் என்று நிதி நிறுவனத்தின் பெயர் இருந்தால் அது நீங்கும் வரை முழுப் பணத்தையும் கொடுக்க வேண்டாம்.

இன்னொரு விடயத்தையும் வியாபாரிகள் மனதில் வைக்க வேண்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் கதவு திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடமும் நாட்டுக்குள் இருந்த வாகனங்களே கை மாறின. வாங்கிய விலையை விடக் கூடுதலாக விற்றவர்கள் நம்மில் எத்தனையோ பேர். வாகனம் என்றால் காணி மாதிரி, வைத்திருந்தால் ஏறும் என்ற ஒரு நினைப்பு அந்த வருடங்களில் வளர்ந்துவிட்டது. அது வாகனத்தின் குணம் அல்ல, பூட்டிய கதவின் குணம். கதவு திறந்த பிறகும் அந்த நினைப்பில் கடை முதலை எடுத்து 2017, 2018 கார்களில் போட்டு வைத்திருப்பவர்கள் வருடத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொரு ஜனவரியிலும் அந்தக் கார் ஒரு வயது கிழமாகிறது.

2022 ஐயும் மறக்கக் கூடாது. ஜூன் கடைசியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்கு ஏறியது. பின்னர் கியூ.ஆர். முறை வந்தபோது ஒரு காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். ஆர்.எக்ஸ்.8 லீற்றருக்கு ஏழு கிலோமீற்றர் ஓடினால் அந்த 20 லீற்றரில் வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணம் போகலாம். திரும்பி வர முடியாது. இதை மருமகனிடம் சொன்னேன். "அதுக்கு பஸ் இருக்குத்தானே மாமா" என்றான்.

வேகத்தைப் பற்றியும் கேட்டேன். நகருக்கு வெளியே 70 தான் வேக எல்லை. ஓமந்தைக்கு அங்கால் இரவில் மாடும் யானையும் வீதிக்கு வரும். உள் வீதிகளில் அந்தக் காரின் வயிறு தரையில் தட்டும். இதற்கு அவனிடம் பதில் இல்லை. ஆசைக்குப் பதில் தேவையில்லை என்பதால் நானும் விட்டுவிட்டேன்.

அடுத்த கிழமை இரண்டு கார்களையும் பார்க்கக் கொழும்புக்குப் போனோம். ரோட்டரி எஞ்சினின் அமுக்கத்தைச் சாதாரண கேஜ் வைத்து அளந்தால் சரியான கணக்கு வராது. ஒவ்வொரு ரோட்டருக்கும் மூன்று முகம். மூன்றையும் தனித்தனியே காட்டும் கருவி வேண்டும். எனக்குத் தெரிந்த வவுனியா கராஜ் எதிலும் அது இல்லை. கொழும்பில் அந்தக் கருவி வைத்திருக்கும் ஒருவரிடம் இரண்டு கார்களையும் கொண்டுவரச் சொன்னோம். புதிய எஞ்சினில் 8.5 அளவில் இருக்க வேண்டும், 6.9 க்குக் கீழே போனால் எஞ்சினைத் திறக்க வேண்டியதுதான் என்பது கம்பனி சொல்லும் கணக்கு.

முதலில் சாம்பல் கார். பார்ப்பதற்குப் பளபளப்பாக இருந்தது. மருமகனின் கண் அதிலேயே நின்றது. நான் முன் ஆசனத்தில் ஏறி உட்கார்ந்து பெல்ட்டை இழுத்தேன். 2007. மற்றப் பக்கத்துப் பெல்ட்டும் 2007. புத்தகத்தை வாங்கினோம். முதற்பதிவு 2009, உற்பத்தி 2007. விற்பவர் பொய் சொல்லவில்லை. எனது வேனை விற்றவரைப் போலத்தான். நாங்கள் 2008 இல் விழுந்த கோட்டுக்கு அந்தப் பக்கத்துக் காருக்காக விலை பேசிக்கொண்டிருந்தோம், நின்றதோ இந்தப் பக்கத்துக் கார். சோதித்ததில் ஒரு ரோட்டரின் மூன்று இலக்கமும் 6.2 ஐத் தாண்டவில்லை.

சிவப்புக் கார் 2004 தான். புத்தகத்திலும் பெல்ட்டிலும் ஒரே கதை. முன் பம்பரில் கீறல், ஆசனத் தோல் வெடித்திருந்தது. ஆனால் உரிமையாளர் ஒரு கோப்பைக் கொண்டுவந்து வைத்தார். நான்கு வருடத்துக்கு முன்னர் எஞ்சினைத் திறந்து சீல்கள் எல்லாம் மாற்றிய பில், இக்னிஷன் கொயில்கள் மாற்றிய பில், ஒவ்வொரு ஒயில் மாற்றத்துக்கும் திகதி. எஞ்சின் இலக்கம் புத்தகத்தோடு சரியாக இருந்தது. ஆறு இலக்கங்களும் 7.4 க்கும் 7.8 க்கும் இடையில் வந்தன. கருவி வைத்திருந்தவர், "குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி நாலு அடி நகர்த்திப் போட்டு உடனே நிறுத்தக் கூடாது தம்பி, பெற்றோல் நிறைஞ்சு பிளக் நனைஞ்சிடும்" என்று மருமகனுக்குப் பாடம் எடுத்தார். அவன் தலையாட்டிய விதத்தில் முடிவு எனக்கு விளங்கிவிட்டது.

2004 ஐ எடுத்தான். சாம்பல் காருக்கென்று ஒதுக்கியிருந்த மிகுதிப் பணம் ஹொரவப்பொத்தானை வீதியில் ஒரு கடைக்கு முற்பணமாகப் போயிருக்கிறது. அடுத்த மாதம் திறக்கிறான், இன்ஷா அல்லாஹ். கார் வாங்க நான் துணை போனேன் என்று தங்கை இரண்டு கிழமையாக என்னோடு பேசுவதில்லை. காரின் டிக்கியில் எப்போதும் ஒரு போத்தல் ஒயில் கிடக்கிறது. அதை மருமகன் என் கடையில்தான் வாங்குகிறான், கடனுக்கு.